டெக்சஸுக்குப் படிக்க வருபவர்களுக்கு: வளாகப் பாதுகாப்பும் சாலை விதிகளும்

ஒவ்வொரு ஆகஸ்டிலும் டாலஸ் விமான நிலையத்தில் இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்திறங்கும் நம் பிள்ளைகளை அழைத்துவரப் போகும்போது, அவர்களைப் பெற்றவர்கள் தொலைபேசியில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் துப்பாக்கியைப் பற்றியதாகவே இருக்கிறது. அந்த அச்சம் காரணமற்றதன்று. அதைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த ஊரில் படித்து, இங்கேயே வேலையில் அமர்ந்து, பத்தாண்டுகளுக்கு மேலாகப் புதிய மாணவர்களோடு பழகிவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நள்ளிரவில் தொலைபேசி ஒலித்து நான் மருத்துவமனைக்கு ஓடிய ஒவ்வொரு முறையும் காரணம் சாலையாகத்தான் இருந்தது. இருட்டில் கருப்புச் சட்டையோடு சாலையைக் கடந்தவர், உரிமம் இல்லாமல் நண்பரின் காரை எடுத்தவர், தேர்வு முடிந்த இரவில் கண்ணயராமல் நெடும்பயணம் புறப்பட்டவர் என்று அவர்கள் எல்லோருமே நல்ல பிள்ளைகள்; யாரும் சொல்லிக்கொடுக்காததால் மாட்டிக்கொண்டவர்கள்.

இங்கே எழுதியிருப்பது டெக்சஸ் மாநிலத்துக்கு உரியது. அமெரிக்காவில் சாலைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், நியூயார்க்கில் படிக்கும் பள்ளித் தோழர் சொல்லும் விதி இங்கே செல்லாமல் போகலாம். நான் அதிகம் அறிந்த ஊர் ஆர்லிங்டன். டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவே ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வாழும் இந்நகரில் நம் ஊரைப் போல வழித்தடப் பேருந்து கிடையாது. 2017ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய, செயலியில் அழைத்தால் வரும் பகிர்வு வேன்கள்தான் நகரப் போக்குவரத்து. ஆகவே கார் வாங்கினால்தான் அரிசி பருப்பு வாங்க முடியும் என்ற எண்ணம் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை ஒரு பருவத்துக்காவது ஒத்திப்போடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

வளாகத்தில் முதல் வாரம்

அவசரம் என்றால் 911. காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அது ஒரே எண். அழைத்தவுடன் என்ன நடந்தது என்று விவரிக்கத் தொடங்காமல், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் அந்த ஒரு தகவல் போதும், ஆள் வந்துவிடுவார்கள். பதற்றத்தில் ஆங்கிலம் வராமல் போனால் 'தமிழ்' என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள், பல மையங்களில் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி உண்டு. ஆம்புலன்ஸில் ஏற்றிச்சென்றால் கட்டணம் வரும் என்ற பயத்தில் மயங்கிக் கிடக்கும் அறைத்தோழரை விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர்களை நான் அறிவேன். அந்தத் தவறை நீங்கள் செய்யக் கூடாது. கட்டணத்தை மருத்துவக் காப்பீட்டோடும் மருத்துவமனையோடும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வளாகக் காவலர்களை நம் ஊர்க் கல்லூரி வாட்ச்மேன்களைப் போல எண்ணிவிடாதீர்கள். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் அவர்கள் முழு அதிகாரம் பெற்ற, ஆயுதம் தாங்கிய போலீஸார். கைது செய்யவும் சாலையில் வண்டியை நிறுத்தி அபராதச் சீட்டு எழுதவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அதே சமயம், நூலகத்திலிருந்து இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பும்போது துணைக்கு ஆள் அனுப்பும் ஏற்பாட்டையும் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், ஆண்களும் கேட்கலாம். வளாகக் காவல் எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்வது, பல்கலைக்கழகத்தின் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி உங்கள் அமெரிக்க எண்ணுக்கு வருமாறு செய்துகொள்வது, நீல விளக்கு எரியும் அவசரத் தொலைபேசிக் கம்பங்கள் உங்கள் வழியில் எங்கெங்கே நிற்கின்றன என்று ஒரு மாலை நடந்து பார்த்துவைப்பது ஆகிய மூன்றையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பலர் சிம் கார்டை மாற்றியபின் பழைய எண்ணையே பல்கலைக்கழகப் பதிவில் விட்டுவிடுகிறார்கள். எச்சரிக்கை எல்லாம் யாரோ ஒருவருடைய கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

விடுதிக் கதவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி கொலை செய்யப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை மாணவர்கள் சிலர் தங்கள் வசதிக்காக அட்டைப்பெட்டி செருகித் திறந்துவைத்திருந்தார்கள். கொலையாளி அவ்வழியே உள்ளே வந்தான். அம்மாணவியின் பெற்றோர் விடாமல் போராடியதன் பயனாக 1990இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி, கூட்டாட்சி அரசின் மாணவர் நிதியுதவியைப் பெறும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் வளாகத்திலும் சுற்றுப்புறத்திலும் நடந்த குற்றங்களின் கணக்கை ஆண்டுதோறும் அக்டோபர் 1ஆம் தேதிக்குள் வெளியிட வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரோடு 'கிளெரி' என்ற சொல்லைச் சேர்த்து இணையத்தில் தேடினால் அந்த அறிக்கை கிடைக்கும். வெளியே வீடு பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள். யாரோ பின்னால் வருகிறாரே என்று மரியாதைக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நம் பழக்கத்தை விடுதி வாசலில் மட்டும் விட்டுவிடுங்கள். அட்டை வைத்திருப்பவர் அவரே திறந்துகொள்வார்.

துப்பாக்கிக்கு வருகிறேன். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களின் கட்டடங்களுக்குள் உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துவரலாம் என்ற சட்டம் 2016 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சில பகுதிகளைப் பல்கலைக்கழகம் விலக்கிவைக்கலாம். தனியார் பல்கலைக்கழகங்கள் முழுவதுமாகவே மறுத்துவிடலாம். வகுப்பில் யாரிடமாவது துப்பாக்கி இருக்கிறது என்பதாலேயே அது குற்றமாகிவிடாது. ஆனால் அது வெளியே தெரியும்படி இருந்தாலோ, ஒருவர் அதை வைத்து மிரட்டினாலோ உடனே காவலரை அழைக்கலாம். துப்பாக்கிச் சூடு நடந்தால் என்ன செய்வது என்பதற்கு ஹூஸ்டன் நகரம் 2012இல் பரப்பிய மூன்று சொற்களையே நாடு முழுவதும் கற்பிக்கிறார்கள்: ஓடு, ஒளிந்துகொள், வேறு வழியே இல்லையென்றால் எதிர்த்துப் போராடு. ஓட முடிந்தால் பையை எடுக்க நிற்காமல் ஓடுங்கள். ஒளிந்தால் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, கைப்பேசியின் அதிர்வையும் நிறுத்துங்கள். காவலர் உள்ளே வரும்போது உங்கள் இரண்டு கைகளும் காலியாகவும் அவர்கள் பார்வையில் படும்படியும் இருக்கட்டும்.

வசந்த காலத்தில் ஊரெங்கும் சைரன் ஊளையிட்டால் அது சூறாவளிக் காற்றுக்கான எச்சரிக்கை. மாடியில் நின்று படம் எடுக்காமல், கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத உள்ளறைக்கோ குளியலறைக்கோ போய்விடுங்கள்.

நடப்பதிலும் சைக்கிளிலும்

முதல் சில மாதங்கள் நீங்கள் நடப்பவர். ஆகவே நடப்பவருக்கான விதிகளை முதலில் சொல்கிறேன். இங்கே வண்டிகள் வலப்பக்கம் செல்கின்றன. சாலையைக் கடக்கும்போது நம் கழுத்து தானாகவே முதலில் வலப்பக்கம் திரும்பும், ஆனால் வண்டி இடப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கும். சிறு வயதிலிருந்து படிந்த பழக்கம் என்பதால் இதை மாற்றப் பல வாரங்கள் ஆகும்; அதுவரை இடம், வலம், மறுபடி இடம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கடந்தாலும் தவறில்லை. சிக்னலில் நடைக்குறி வந்துவிட்டது என்பதாலேயே இறங்கிவிடாதீர்கள்: சிவப்பிலும் வலப்பக்கம் திரும்ப வண்டிகளுக்கு அனுமதி இருப்பதால், ஓட்டுபவர் இடப்பக்கம் வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டு, வலப்பக்கம் நிற்கும் உங்களைப் பார்க்காமலே நகர்வார். அவருடைய கண்ணை நீங்கள் பார்த்த பிறகே காலை வையுங்கள். நடைபாதை இல்லாத சாலையில் இடப்பக்க ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். சைக்கிளுக்கு இதற்கு நேர்மாறு: வண்டிகள் செல்லும் திசையிலேயே வலப்பக்கமாகச் செல்ல வேண்டும், இரவில் முன்னால் 500 அடி தொலைவிலிருந்து தெரியும் வெள்ளை விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ கட்டாயம்.

உரிமம்

ஊரிலிருந்து புறப்படும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகம் வழியாக 1,000 ரூபாய் கட்டணத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெறலாம். அது ஓராண்டு செல்லும். அது உங்கள் இந்திய உரிமத்தின் மொழிபெயர்ப்பே தவிர தனி உரிமம் ஆகாது, எனவே மூல உரிம அட்டையும் கையில் இருக்க வேண்டும். டெக்சஸில் குடியேறுபவர் தம் நாட்டின் செல்லுபடியாகும் உரிமத்தைக் கொண்டு 90 நாள் வரை ஓட்டலாம். அதன்பின் டெக்சஸ் உரிமம் வேண்டும்.

தொண்ணூறு நாள் நிறைய என்று தோன்றும், ஆனால் அது போதாமல்தான் போகிறது. உரிமம் வழங்கும் பொதுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் முன்பதிவு நாள் கிடைக்கவே பல வாரங்கள் ஆகலாம். அதோடு, நீங்கள் டெக்சஸில் வசிப்பதற்கு இரண்டு சான்றுகள் வேண்டும், அவற்றுள் ஒன்று 30 நாள் வசித்ததையும் காட்ட வேண்டும். ஆகவே வீட்டு ஒப்பந்தத்தில் உங்கள் பெயரைச் சேர்ப்பதையும் வங்கிக் கணக்கை அந்த முகவரியிலேயே திறப்பதையும் முதல் வாரத்தில் செய்துவிட்டு, அன்றே முன்பதிவும் செய்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டு, விசா, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு), ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்று) ஆகியவற்றின் மூலங்களை எடுத்துச்செல்ல வேண்டும். 18 முதல் 24 வயதுக்குள் இருந்தால் ஆறு மணி நேர ஓட்டுநர் பாடத்தை முடித்திருப்பது கட்டாயம். அதை இணையத்திலேயே முடிக்கலாம். எழுத்துத் தேர்வில் 30 கேள்விகள், 70 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. ஓட்டித் தேர்வுக்குப் பதிவும் காப்பீடும் உள்ள காரை நீங்களே கொண்டுபோக வேண்டும். இரண்டு கம்பங்களுக்கிடையே ஓரமாகப் பின்னோக்கி நிறுத்திக் காட்டுவதும் அதில் உண்டு. கிடைக்கும் உரிமம் உங்கள் தங்கும் அனுமதிக் காலத்தோடு முடிந்துவிடும். படிப்பு நீட்டிக்கப்பட்டால் உரிமத்தையும் புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும், 30 நாளுக்குள் உரிமத் துறைக்கும் புதிய முகவரியைத் தெரிவியுங்கள்.

ஊரில் உரிமம் வைத்திருந்தும் பைக் மட்டுமே ஓட்டியவர்கள் நம்மில் அதிகம். அவர்கள் 90 நாள் சலுகையைப் பயன்படுத்தவே வேண்டாம். கற்பவர் உரிமம் எடுத்து, அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஞாயிறு காலையில் ஏதாவது காலியான வாகன நிறுத்துமிடத்தில் தொடங்குங்கள்.

நம் கைகள் தவறும் இடங்கள்

வலப்பக்கம் ஓட்டுவது கடினமன்று. சாலையில் மற்ற வண்டிகள் இருக்கும்வரை அவற்றின் பின்னாலேயே போய்விடலாம். தவறு நேர்வது விடியற்காலையில், காலியான நிறுத்துமிடத்திலிருந்து காலியான சாலைக்குத் திரும்பும்போதுதான். வந்த புதிதில் ஒரு காலை ஐந்தரை மணிக்கு நான் அப்படித்தான் இடப்பக்கம் திரும்பி, நிம்மதியாக ஒரு கட்டடத்தின் நீளம் ஓட்டிப்போன பிறகே, சாலை நடுவே இருக்க வேண்டிய மஞ்சள் கோடு என் வலப்பக்கத்தில் ஓடுவதைக் கவனித்தேன். அன்றிலிருந்து நான் புதியவர்களுக்குச் சொல்லித்தருவது இதுதான்: ஓட்டுபவராகிய நீங்கள் எப்போதும் சாலையின் நடுக்கோட்டின் பக்கம் இருக்க வேண்டும், மஞ்சள் கோடு உங்கள் இடத்தோளுக்கு அருகே இருக்க வேண்டும். திரும்பி முடித்ததும் ஒருமுறை அதைப் பாருங்கள்.

நான்கு பக்கமும் எண்கோணச் சிவப்புப் பலகை வைத்த நாற்சந்தி நமக்குப் பழக்கமில்லாதது. அங்கே சிக்னலும் இல்லை, போலீஸும் இல்லை. சக்கரம் முழுவதுமாக நிற்க வேண்டும். வேகத்தைக் குறைத்து உருண்டு போவது நின்றதாகாது, ஓட்டித் தேர்வில் பலர் தோற்பதும் இதனால்தான். முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கே முன்னுரிமை. எதிரே இருப்பவர் நேராகவும் நீங்கள் இடப்பக்கமாகவும் போவதானால் அவரை விட்டுவிட்டுத்தான் நீங்கள் திரும்ப வேண்டும். புயலில் மின்சாரம் போய் சிக்னல் அணைந்து கிடந்தால் அந்தச் சந்தியிலும் இதே முறைதான். சிவப்பு சிக்னலில் வலப்பக்கம் திரும்பலாம் என்று மேலே சொன்னேன். அதற்கும் முழுதாக நின்றாக வேண்டும், திரும்பக் கூடாது என்ற பலகை இருந்தால் பச்சைக்குக் காத்திருக்க வேண்டும். மஞ்சள் அம்புக்குறி விட்டுவிட்டு எரிந்தால், எதிரே வருபவருக்கு வழிவிட்டபின் இடப்பக்கம் திரும்பலாம் என்று பொருள்.

மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்குகளை மினுக்கி நிற்கும்போது, அதன் பின்னால் வருபவர் மட்டுமன்றி எதிர்த்திசையில் வருபவரும் நின்றுவிட வேண்டும். நடுவே சுவரோ மேடையோ பிரித்தால் மட்டும் எதிர்ப்பக்கத்தாருக்கு விலக்கு உண்டு. இடப்பக்கம் திரும்புவதற்கான நடுத்தடம் அப்படிப்பட்ட பிரிவாகாது. முதல் முறை மீறினாலே 500 முதல் 1,250 டாலர் வரை அபராதம். ஒரு குழந்தை சாலையைக் கடக்கும் நேரம் அது என்பதை நினைத்தால் அந்தத் தொகை பெரிதாகத் தோன்றாது.

ஹைவேக்கு இணையாக ஓடும் பக்கச் சாலைகள் டெக்சஸின் தனித்தன்மை. அவற்றில் செல்பவர், ஹைவேயிலிருந்து இறங்கி வருபவருக்கும் அதில் ஏறப் போகிறவருக்கும் வழிவிட வேண்டும். ஹைவேயில் ஏறும்போது நம் ஊர் வழக்கப்படி மெல்லப் போய் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டு நுழையக் கூடாது; ஏறுதடத்திலேயே மற்ற வண்டிகளின் வேகத்துக்கு வந்து, இண்டிகேட்டர் போட்டு, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து இணைய வேண்டும். வேகப் பலகை மைல் கணக்கில் இருக்கும்: 60 என்றால் ஏறத்தாழ 97 கிலோமீட்டர். ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் இடையே 130ஆம் எண் சாலையின் ஒரு பகுதியில் 85 மைல் வரை அனுமதி உண்டு, அது நாட்டிலேயே மிக அதிகம். புதியவர்கள் அந்தச் சாலையைத் தேடிப் போக வேண்டாம். ஓரத்தில் விளக்கு மினுக்கியபடி போலீஸ் வண்டியோ ஆம்புலன்ஸோ இழுவை வண்டியோ நின்றால், அதை ஒட்டிய தடத்தை விட்டு விலகுங்கள், முடியாவிட்டால் வேக வரம்பிலிருந்து 20 மைல் குறையுங்கள், அது சட்டம். பின்னிருக்கையில் இருப்பவருக்கும் சீட் பெல்ட் கட்டாயம். ஓட்டிக்கொண்டே குறுஞ்செய்தி படிப்பதும் எழுதுவதும் 2017 செப்டம்பர் முதல் மாநிலம் முழுவதும் குற்றம்.

ஹாரனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நமக்கு அது 'வருகிறேன்' என்ற அறிவிப்பு. இங்கே அது திட்டுவதற்குச் சமம். ஹெட்லைட்டை மினுக்குவதும் அப்படியே பொருள் மாறும்: ஊரில் 'நான் வருகிறேன், நில்' என்று கொள்கிறோம், இங்கே பல நேரங்களில் 'நீங்கள் போங்கள்' என்பது பொருள். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் 21 வயது நிறைந்தவர் பெரும்பாலும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம். சாலையில் ஒருவர் கோபமாகக் கத்தினால் பதிலுக்குக் கை காட்டாமல், முகம் பார்க்காமல், வழிவிட்டுப் போய்விடுங்கள். துப்பாக்கியைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு நான் தரும் உண்மையான பதில் இந்த ஒரு வரிதான்.

போலீஸ் நிறுத்தினால்

ஊரில் காவலர் கை காட்டினால் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, ஆவணங்களோடு அவரிடம் நடந்து போவதுதான் மரியாதை. இங்கே அதுவே ஆபத்து. என்னை முதன்முதலாக நிறுத்தியபோது, பின்கண்ணாடியில் சிவப்பும் நீலமும் சுழல்வதைப் பார்த்ததும் என் கை தானாகக் கதவைத் திறந்துவிட்டது. ஒரு காலைக்கூடத் தரையில் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து ஒலிபெருக்கியில் 'உள்ளேயே இரு' என்று வந்த குரலின் கடுமை இன்றும் என் நினைவில் இருக்கிறது. நான் அவரை அவமதிக்க எண்ணவில்லை. ஆனால் அந்த இருட்டில் என் கையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே, இண்டிகேட்டர் போட்டு வலப்பக்கம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, இரவென்றால் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு காத்திருங்கள். அவர் கேட்கும்முன் டாஷ்போர்டு அறையையோ பையையோ துழாவாதீர்கள்; கேட்டதும், எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுங்கள். காப்பீட்டுச் சான்றைக் கைப்பேசியிலும் காட்டலாம். அபராதச் சீட்டில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது; குறித்த தேதிக்குள் நீதிமன்றத்தைத் தொடர்புகொள்வேன் என்ற உறுதி மட்டுமே. அந்த இடத்திலேயே பணம் கொடுக்க முயல்வது லஞ்சக் குற்றம் ஆகிவிடும். அதை நினைக்கவே வேண்டாம்.

சீட்டைக் கிடப்பில் போட்டால் கைது ஆணை பிறக்கும். அடுத்த முறை நிறுத்தப்படும்போது வெறும் அபராதமாக இருந்தது கைதாக மாறும், பின்னர் ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் 'கைது செய்யப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுத வேண்டிவரும். சிறிய வேக மீறல்களைப் பாதுகாப்பு ஓட்டுநர் பாடம் படித்துத் தள்ளுபடி செய்துகொள்ளும் வசதி 12 மாதத்துக்கு ஒருமுறை உண்டு, ஆனால் டெக்சஸ் உரிமம் உள்ளவருக்கே அது கிடைக்கும். இந்திய உரிமத்தோடு நாளைக் கடத்தாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

மது விஷயத்தில் சலுகையே இல்லை. 21 வயதுக்குக் கீழ் இருப்பவர் சிறிதளவு அருந்திவிட்டு ஓட்டினாலும் குற்றம். மற்றவர்களுக்கு இரத்தத்தில் 0.08 விழுக்காடு எல்லை. முதல் குற்றத்துக்கே 180 நாள் வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு: குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வரும்முன்பே, அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம், 2015இலிருந்து அதுவே நடைமுறை. 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்கள் இங்கே தங்கிப் படிப்பதற்கான அரசுப் பதிவுகள் திடீரென முடித்துவைக்கப்பட்டன. சிறிய போக்குவரத்து வழக்குகள் மட்டுமே இருந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தபின் ஏப்ரல் இறுதியில் அப்பதிவுகள் மீட்கப்பட்டன. எந்தக் கைதானாலும், அது சிறியதென்று நீங்களே முடிவுகட்டாமல், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரையும் அன்றே கலந்துகொள்ளுங்கள்.

கார், காப்பீடு, கடன் வாங்கிய சாவி

பழைய கார் வாங்கும்போது, உரிமைப் பத்திரம் விற்பவரின் பெயரிலேயே இருக்கிறதா என்றும், விபத்தில் நொறுங்கி மீட்கப்பட்ட வண்டி என்ற குறிப்பு அதில் உள்ளதா என்றும் பாருங்கள். விற்பவரையும் அழைத்துக்கொண்டு மாவட்ட வரி அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பெயரை மாற்றிவிடுவது நல்லது. விற்பனை வரி 6.25 விழுக்காடு. பெயர் மாற்றாமல் மூத்த மாணவரின் காரை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு, அது இருவருக்கும் கேடு.

குறைந்தபட்சக் காப்பீடாகச் சட்டம் கேட்பது, காயமுற்ற ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000 டாலர், பொருட்சேதத்துக்கு 25,000 டாலர். இவை எல்லாம் நீங்கள் மோதிய எதிராளிக்குப் போகும் தொகை. உங்கள் காருக்கோ உங்கள் மருத்துவச் செலவுக்கோ அதில் ஒரு காசும் இல்லை. இன்றைய கார் விலையில் 25,000 ஒரு வண்டிக்கே போதாது, ஆகவே முடிந்தவரை அதற்குமேல் எடுங்கள். ஒரே வீட்டில் இருக்கும் அறைத்தோழர்களின் பெயரையும் பாலிசியில் சேர்க்க வேண்டுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதில் கையில் இல்லாமல் யாருக்கும் சாவியைக் கொடுக்காதீர்கள், யாரிடமிருந்தும் வாங்காதீர்கள். நட்புக்கு இதனால் குறை வராது.

செயலி வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுப்பதும் பயணிகளை ஏற்றிச்செல்வதும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அனுமதியற்ற வேலை. மற்றவர் கணக்கில் ஓட்டினாலும் அப்படியே. அதோடு, அந்த ஓட்டத்தில் விபத்து நேர்ந்தால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிரித்துவிடும். சுங்கச் சாலைகளில் காசு வாங்க ஆள் இருக்கமாட்டார். எண்பலகையைப் படம் எடுத்து வீட்டுக்குக் கட்டணச் சீட்டு அனுப்புவார்கள். பழைய முகவரிக்குப் போகும் அந்தச் சீட்டுகள் தாமதக் கட்டணத்தோடு வளரும்.

நெடும்பயணம்

டாலஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் சுமார் 500 மைல். தேர்வு முடிந்த இரவிலேயே ஐந்து பேர் ஒரு காரில் ஏறிப் புறப்பட்ட பயணம் ஒன்றில் நானும் இருந்தேன். அதிகாலை மூன்று மணிக்கு மேல் எல்லோரும் தூங்கிவிட்டோம், ஓட்டியவர் உட்பட. சாலை ஓரத்தில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களில் சக்கரம் ஏறி எழுப்பிய தடதடவென்ற ஒலிதான் அவரை எழுப்பியது. ஸ்டியரிங்கை அவர் பதறித் திருப்பாமல் மெல்ல உள்ளே கொண்டுவந்ததால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரவு தூங்கி எழுந்த பிறகே புறப்படுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுபவரை மாற்றுங்கள், முன்னிருக்கையில் இருப்பவர் தூங்கவே கூடாது. மாற்றி ஓட்டுபவர் அனைவருக்கும் உரிமமும் காப்பீடும் உண்டா என்பதைப் புறப்படும்முன் பாருங்கள்.

சாலையில் வெள்ளம் ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓடும் நீர் ஓரடி ஆழம் இருந்தாலே பெரும்பாலான சிறிய கார்களை நகர்த்திவிடும், இரண்டடி நீர் பெரிய வண்டிகளையும் அடித்துக்கொண்டு போகும். டெக்சஸ் வெப்பநாடுதானே என்று குளிர்காலத்தை அலட்சியம் செய்யவும் கூடாது: 2021 பிப்ரவரி 11 காலையில் ஃபோர்ட் வொர்த்தின் ஹைவே ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தில் 130க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதி ஆறு பேர் இறந்தார்கள். கீழிருந்தும் குளிர் தாக்குவதால் பாலங்களே முதலில் உறையும். உறைமழை அறிவிப்பு வந்த நாளில் வகுப்பு இருந்தாலும் காரை எடுக்காதீர்கள். பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினால் போதும்.

விபத்து நேர்ந்துவிட்டால்

நின்றுவிடுங்கள். யார் தவறாக இருந்தாலும், சேதம் கீறல் அளவே என்றாலும், நிற்காமல் போவது தனிக் குற்றம். ஹசார்ட் விளக்கைப் போட்டு, யாருக்கும் காயம் இல்லை, வண்டி நகரும் என்றால் ஹைவேயிலிருந்து அதை ஓரத்துக்கு அப்பால் கொண்டுபோய்விடுங்கள். தடத்தின் நடுவே நின்று வாதாடியவர்களைத்தான் அடுத்த வண்டி மோதுகிறது. காயம் இருந்தால் 911. எதிராளியின் உரிமம், காப்பீட்டு அட்டை, எண்பலகை, இரு வண்டிகளின் சேதம், சந்தியின் பலகைகள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மரியாதைக்காக 'என் தவறுதான்' என்று சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. காயம்பட்டவரை நலம் கேளுங்கள், தவறு யாருடையது என்பதைக் காவலரும் காப்பீட்டு நிறுவனமும் முடிவு செய்யட்டும். போலீஸுக்குச் சொல்லாமல் ரொக்கமாக முடித்துக்கொள்ளலாம் என்று எதிராளி சொன்னால் மறுத்துவிடுங்கள். கழுத்தில் வலி மறுநாள்தான் தெரியும் என்பதால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள்.

கடைசியாக, பர்ஸில் உரிமத்துக்குப் பின்னால் ஒரு சிறு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி நொறுங்கிவிட்டால் அதிலுள்ள எண்கள் உதவாது, ஆகவே இது காகிதத்தில்தான் இருக்க வேண்டும். உங்கள் பெயர், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, மருத்துவக் காப்பீட்டு எண், இந்த ஊரில் இருக்கும் ஒரு நண்பரின் எண், வீட்டு எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள். வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில், அங்கே தமிழ் மட்டும்தான் பேசுவார்கள் என்பதையும், முதலில் நண்பரை அழைக்குமாறும் சேர்த்து எழுதுங்கள். மருத்துவமனையிலிருந்து பின்னிரவில் வந்த ஆங்கில அழைப்பைப் புரிந்துகொள்ள முடியாமல், மகன் பெயர் மட்டும் காதில் விழ, மூன்று மணி நேரம் எண்களைச் சுழற்றிக்கொண்டிருந்த ஒரு தாயோடு நான் பேசியிருக்கிறேன். மகனுக்கு முழங்கையில் எலும்பு முறிவுதான். அதைத் தமிழில் சொல்ல அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.